ஐந்தரைக்கு மேல் ஒன்பதுக்குள்

செப்டம்பர் 3, புதன்

காலையில் மண்டபத்தில் ஒரு காதுகுத்து. மாலையில் நான் போய் ஓட்டப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது.

ஜனவரியில் பொள்ளாச்சியில் ஓட்டம் வைக்கிறார்கள். இருபத்தொரு கிலோமீட்டர். ஓடுகிறவர்கள் ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த ஒரு நல்ல காரியத்துக்குப் பணம் திரட்டலாமாம். எங்கள் கல்யாண மண்டபத்துக்குப் பின்தெருவில் காது கேளாத குழந்தைகள் பள்ளி இருக்கிறது. அந்தப் பள்ளிக்கு வேன் வாங்க என்று எழுதிக் கொடுத்தேன். பழைய வேன் ஜூன் மாதமே படுத்துவிட்டது. மலையடிவாரத்து ஊர்களிலிருந்து வந்துகொண்டிருந்த பதினொரு பிள்ளைகள் அன்றிலிருந்து படிப்பை விட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பெயர் எழுதிய தம்பி என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"வயசுங்க?"

"நாப்பத்தெட்டு."

"இதுக்கு முன்னால ஓடியிருக்கீங்களாக்கா?"

"பந்தியில சாம்பார் தீந்துபோனா ஓடியிருக்கேன்."

அவன் 'அனுபவம் இல்லை' என்று எழுதிக்கொண்டான். மண்டப மேனேஜர் வேலை என்றால் என்னவென்று அவனுக்கு எங்கே தெரியும்?

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்" என்றார். உடுமலை வழித்தடத்தில் இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவர். இவர் பெயரைச் சொல்லி, வெள்ளியங்கிரி வண்டி என்று கேட்டு ஏறுவார்கள். ஏப்ரலில் முதலாளி அந்த பஸ்ஸை விற்றுவிட்டார். அன்றிலிருந்து எதைச் சொன்னாலும் இந்த "ம்" தான். வேறு வண்டிக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. கல்யாணம் காட்சி என்று எதற்கும் வருவதில்லை. யாராவது "இப்ப என்ன பண்றீங்க?" என்று கேட்டுவிடுவார்கள் அல்லவா. அவர் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. எனக்குத் தெரியாதா என்ன.

செப்டம்பர் 5, வெள்ளி

ஓடினேன். பிள்ளையார் கோயிலிலிருந்து பால் சொசைட்டி வரை. அதன் பிறகு பால் சொசைட்டித் திட்டில் உட்கார்ந்திருந்தேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

இருட்டு விலகுவதற்குள் ஓடினால்தான் எட்டு மணிக்கு மண்டபம் போக முடியும். ரோட்டில் நாய்கள் குரைக்கின்றன, எனக்கு பயமாக இருக்கிறது, ஸ்கூட்டரில் பின்னாலேயே வாருங்கள் என்று இவரிடம் சொன்னேன்.

"நாய்க்குப் பயப்படறவ எதுக்கு ஓடோணும்?" என்று சலித்துக்கொண்டார். ஆனால் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

மண்டபத்துப் பின்வாசலில் ஊர் நாய்க்கெல்லாம் மிச்சச் சோறு போடுகிறவள் நான். அது அவருக்கு நினைவுக்கு வரவில்லை போலிருக்கிறது. நானும் நினைவுபடுத்தவில்லை.

செப்டம்பர் 29, திங்கள்

மகள் ஓசூரிலிருந்து ஷூ அனுப்பியிருக்கிறாள். ஆரஞ்சு நிறம். சேலைக்குக் கீழே போட்டுக்கொண்டு மண்டபத்தில் நடந்தேன். சமையல்காரர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். சிரிக்கட்டும், அவர்கள் ரசத்தைக் குடித்து நான் எத்தனை முறை அழுதிருக்கிறேன்.

இவருக்கு என் ஓட்டம் பிடிக்கவில்லை. "இந்த வேகத்துக்கு ஸ்கூட்டரு நிக்க மாட்டேங்குது, சாயுது" என்றார் பின்னாலிருந்து. கிளம்பும்போது வேகமாக ஓடிவிட்டு, இப்போது நடக்கக்கூட முடியாமல் இருந்தேன். பதில் சொல்ல மூச்சு வேண்டுமே.

"ஸ்டாண்டுல இருந்து எடுக்கறப்பவே இப்படி மிதிச்சா வண்டி எப்படிப் போய்ச் சேரும்? மொத ஸ்டேஜ் மெதுவாப் போ. பொறவு ஏத்து."

வீடு வந்ததும் பாதையை பஸ் ஸ்டேஜ்களாகப் பிரித்துச் சொன்னார். பேசிக்கொண்டே மூன்று தோசை சாப்பிட்டார். டிவி ஓடிக்கொண்டிருந்தது, அவர் பார்க்கவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

மண்டப முதலாளி தங்கவேல் ஐயா என் ஓட்டத்தைக் கேள்விப்பட்டுக் கூப்பிட்டு விட்டார்.

"வேனுக்கு நீ சேத்தறதச் சேத்து. ஒம்போது மணிக்குள்ள ஓடி முடிச்சீன்னா, கொறையறத நான் போடறேன். முடிக்கலீன்னா ஒரு பைசா கெடையாது."

ஐந்தரைக்குத் தொடங்கும் ஓட்டம் ஒன்பதுக்கு முடிந்துவிடும். அதற்கு மேல் வருகிறவர்கள் கணக்கில் இல்லை. முதலாளிக்கும் மணி என்றால் மணிதான். ஒரு தடவை மாப்பிள்ளை வீட்டார் மண்டபத்தைக் காலி செய்யத் தாமதித்தார்கள் என்று ஜெனரேட்டரை நிறுத்திவிட்டார். அரை பந்தி இருட்டில் சாப்பிட்டது. ஆக, விளையாட்டு இல்லை. நான் ஒன்பதுக்குள் வராவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு வேன் இல்லை.

பள்ளியில் போய்ச் சொன்னேன். தலைமையாசிரியை எஸ்தர் டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேன் வந்தாலும் டிரைவருக்கு எங்கம்மா போறது? எங்க பிள்ளைங்ககிட்ட பொறுமையா இருக்கறவங்க கிடைக்கறதே இல்ல" என்றார். மழை வரும்போல இருக்கிறது டீச்சர் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இரவு சாப்பிடும்போது பேச்சுவாக்கில் வேனைப் பற்றிச் சொன்னேன்.

"வேனு என்ன வேனு. அம்பத்தஞ்சு சீட்டு ஓட்டினவனுக்கு அதெல்லாம் பாப்பா வண்டி" என்றார்.

"உங்கள யாருங்க ஓட்டச் சொன்னாங்க? ரசம் ஊத்தட்டுமா?" என்றேன்.

நவம்பர் 9, ஞாயிறு

இன்று நடந்ததை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பன்னிரண்டாவது கிலோமீட்டரில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. மைல்கல் மேல் உட்கார்ந்து அழுதேன். நல்ல அழுகை. இந்த வயதில் யார் என்னை ஓடச் சொன்னார்கள், பிள்ளைகளின் வேனை என் இரண்டு காலை நம்பியா வைத்தேன் என்று சொல்லிச் சொல்லி அழுதேன்.

இவர் ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டுவிட்டு வந்து என் காலை எடுத்துத் தன் மடியில் வைத்து நீவிவிட்டார். தேங்காய் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. ஒரு லாரிக்காரர் இவரை அடையாளம் கண்டு ஹாரன் அடித்துவிட்டுப் போனார்.

"பிரேக்டவுன் ஆச்சுன்னா வண்டிய வித்துப்போடுவாங்களா? ரிப்பேர் பண்ணி எடுக்கறதுதான்" என்றார்.

சொல்லிவிட்டு, போகும் லாரியையே பார்த்தபடி மறுபடி காலை நீவினார். மீதித் தூரத்தை நடந்தே முடித்தேன். அவர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு கூடவே நடந்தார்.

டிசம்பர் 1, திங்கள்

சொந்தக்காரர்களிடம் வேனுக்கு உதவி கேட்க ஒரு சின்ன அச்சடித்த தாள் போதும் என்று நினைத்தேன். மண்டபத்துக்கு வழக்கமாகப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் விவரத்தைக் கொடுத்தேன். அச்சகக்காரர் கை பழக்கத்தில் அடித்துத் தந்துவிட்டார். மஞ்சள் அட்டை, மேலே பிள்ளையார் படம், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவ இடம்.

'நிகழும் மங்களகரமான மார்கழி மாதம் 27ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலை 5.30 மணிக்கு மேல் 9.00 மணிக்குள், திரு. வெள்ளியங்கிரி அவர்களின் துணைவியார் திருமதி கோகிலவாணி அவர்கள் ஆனைமலை ரோட்டில் ஓட இருப்பதால், தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து…'

முந்நூறு அட்டை. திரும்ப அடிக்கக் காசு யார் தருவது?

பத்திரிகை என்று ஆகிவிட்டால் தபாலில் போட முடியாது. தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, நேரில் போய், புருஷன் பெண்டாட்டி ஜோடியாக நின்று கொடுக்க வேண்டும். ஒற்றை ஆளாய்ப் போய்க் கொடுத்தால் மதிக்கவில்லை என்று அர்த்தம். அதுவும் மார்கழி பிறப்பதற்குள் கொடுத்தாக வேண்டும். இவரிடம் இதையெல்லாம் சொன்னேன். ரொம்ப நேரம் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ற பேரும் போட்டிருக்குதே" என்றார்.

டிசம்பர் 7, ஞாயிறு

முதலில் கிணத்துக்கடவு. இவர் அக்கா சாந்தாமணி பத்திரிகையைப் படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்து மறுபடி படித்தார். "மார்கழில என்ன விசேஷம் வெச்சிருக்கறீங்க? ஓடறதுன்னா யாருகூட ஓடறா?" என்று பதறிப்போனார். விளக்கிச் சொன்ன பிறகு தட்டில் ஒரு கவர் வைத்தார்.

அடுத்தது சமத்தூரில் என் பெரியப்பா. நான் பயந்தது அங்கேதான் நடந்தது. காப்பி வருவதற்குள் கேட்டுவிட்டார்.

"அப்பறம் மாப்ள, இப்ப என்ன பண்றீங்?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவரே, "இவளுக்குக் கோச்சுங்க மாமா" என்றார். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் சொன்னார்.

பத்து வீடு ஆயிற்று. இன்னும் இருக்கிறது.

டிசம்பர் 12, வெள்ளி

பள்ளிக்கும் முறையாகப் பத்திரிகை வைத்தோம். உள்ளூர்ப் பிள்ளைகள் இவரைச் சுற்றிக்கொண்டார்கள். பஸ் டிரைவர் என்று எஸ்தர் டீச்சர் கையால் சொன்னதும் ஒரு வாண்டு எழுந்து, மீசையை முறுக்குவது போல் ஒரு சைகை, ஸ்டீயரிங்கைத் திருப்புவது போல் ஒரு சைகை செய்தது. எல்லோரும் அதையே செய்தார்கள். இனிமேல் அதுதான் இவர் பெயராம். பிடித்துப்போன ஆளுக்குத்தான் பெயர் வைப்பார்களாம்.

வரும் வழியில் ஸ்கூட்டரில் திடீரென்று கேட்டார். "வண்டி வந்து நின்னா அதுகளுக்கு எப்படித் தெரியும்? ஹாரன் அடிச்சாலும் கேக்காதல்ல?"

"தெரியலீங்களே" என்றேன்.

"லைட்டு போடலாம். ரெண்டு தடவ" என்றார்.

எனக்குப் பெயர் வைக்கவில்லை. அது பரவாயில்லை.

ஜனவரி 10, சனி

மண்டபத்தில் மார்கழி என்பதால் வேலை இல்லை. ஒரு தடவை பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கினேன். பயமாக இருக்கிறது.

ஜனவரி 11, ஞாயிறு

முழுசாக எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

ஆனைமலை ரோட்டில் அம்பராம்பாளையம் ஆற்றுப் பாலம் தாண்டிப் போய், அங்கிருந்து திரும்பி வர வேண்டும். வண்டிகளை விட மாட்டார்கள் என்பதால் இவர் தண்ணீர் பாட்டிலோடு முன்னாலேயே போய், திரும்பும் இடத்தில் நின்றுகொண்டார். ஐந்தரைக்கு விசில் அடித்தார்கள். முதல் ஸ்டேஜ் மெதுவாக, அவர் சொன்னபடியே.

நாங்கள் எதிர்பார்க்காதது ஒன்றுதான். பத்திரிகை வைத்தோம் இல்லையா, அவர்கள் வந்துவிட்டார்கள்.

மார்கழியில் ஒருவருக்கும் வேறு விசேஷம் இல்லை. வேன் பிடித்து, பட்டுச்சேலை கட்டி, ரோட்டோரம் ஊர் ஊராக நின்றார்கள். பந்தயத்தை வேடிக்கை பார்க்கவா வந்தார்கள்? வீட்டு விசேஷத்துக்கு வந்தார்கள். முதலில் சாந்தாமணி அண்ணி. மடக்கு மேஜை, அதன் மேல் வாழை இலை, இலையில் இடியாப்பம் போலப் பிழிந்த சந்தகையும் தேங்காய்ப்பாலும்.

"வெறும் வயித்துல ஓடாத கண்ணு. ஒரு வாய் தின்னுட்டுப் போ."

இலை போட்ட பிறகு சாப்பிடாமல் போனால் என்ன ஆகும் என்று என்னைவிடத் தெரிந்தவர் யார்? அப்படி எழுந்து போனவரால் இரண்டு குடும்பம் பேச்சுவார்த்தை இல்லாமல் போனதை என் மண்டபத்திலேயே பார்த்திருக்கிறேன். நின்றேன். சாப்பிட்டேன். இரண்டாம் தடவையும் வைத்தார்கள்.

அடுத்த திருப்பத்தில் பெரியப்பா இளநீர் வெட்டிக்கொண்டிருந்தார், தோளில் சால்வை போட்டார். அதற்கடுத்து ஒன்றுவிட்ட சித்தி ரோட்டுக்கு நடுவே ஆரத்தித் தட்டோடு நின்று, சுற்றி முடிக்காமல் விட மாட்டேன் என்றார். பின்னால் வந்தவர்களெல்லாம் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். நெற்றியில் ஆரத்தி ஈரம், தோளில் மூன்று சால்வை, வயிற்றில் சந்தகை குலுங்கக் குலுங்க ஓடினேன். பாலத்தைப் பார்த்தபோது எனக்கே தெரிந்துவிட்டது, நேரம் போய்விட்டது.

"ஏன் இத்தன லேட்டு?" என்று கத்தினார் இவர்.

"ஒறம்பர!" என்றேன். தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி ஒரு மடக்குக் குடித்தேன். "போற வழியில சொந்தக்காரங்க எல்லாரும் நின்னுட்டிருக்காங்க. திரும்பிப் போறப்ப நிறுத்துவாங்க. வேன் போச்சுங்க."

அவர் ஒரு நொடி ரோட்டைப் பார்த்தார். அப்புறம் சால்வைகளை உருவித் தன் தோளில் போட்டுக்கொண்டார். வேட்டியை மடித்துக் கட்டினார். எதிரே டீக்கடைக்காரரின் சைக்கிளை எடுத்துக்கொண்டார். கேட்டாரா என்பது எனக்குத் தெரியாது.

"நீ எங்கயும் நிக்காத. நிக்க வேண்டிய எடத்துல நான் நிக்கறேன்."

ஓட்டம் நடத்துகிற தம்பிகள் சைக்கிளைத் தடுக்க வந்தார்கள். இவர் மீசையைப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள்.

அதன் பிறகு நடந்ததை என் பேரன் பேத்திகளுக்குச் சொல்லுவேன், அவர்கள் பிறந்த பிறகு. ஒவ்வொரு கூட்டத்துக்கும் எனக்கு முன்னால் போய் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தினார். "இது பாயிண்ட் டு பாயிண்ட் வண்டிங்க, நடுவுல நிக்காது! எறக்க வேண்டியத எங்கிட்ட எறக்குங்க!" நான் கும்பிட்டுக்கொண்டே கடந்து போவேன். அவர் நின்று, என் பங்கை உட்கார்ந்து சாப்பிட்டு, கும்பிட்டு, சைக்கிளை மிதித்து மறுபடி என்னைத் தாண்டிப் போவார். சித்தியின் ஒப்பிட்டு, யாரோ கொண்டுவந்த பணியாரம், யாருடையது என்றே தெரியாத ஒரு தூக்குப்போசி பொங்கல். எல்லாம் என் பேரில் அவர் வயிற்றுக்குள் போனது. ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. வீட்டுக்காரர் சாப்பிட்டால் வீட்டுக்காரி சாப்பிட்ட மாதிரிதானே.

பெரியப்பாவைத் தாண்டும்போது பின்னால் அவர் குரல் கேட்டது.

"ஏனுங் மாப்ள, கோச்சு வேலையும் இன்னிக்கோட முடிஞ்சுது. இனி என்ன பண்றீங்?"

நான் ஓட்டத்தைக் கொஞ்சம் குறைத்துக் காது கொடுத்தேன். வாய் நிறையக் கச்சாயத்தோடு இவர் சொன்னது தெளிவாகக் கேட்டது.

"வண்டி ஓட்டறேனுங் மாமா. அதோ முன்னால போகுதே, ஆரஞ்சு டயரு, அதுதான்!"

என்னை வண்டி என்றாரே என்று கோபம் வரவில்லை. இத்தனை மாதம் கழித்து அவர் நாலு பேருக்கு நடுவில் சத்தமாகப் பேசியதைக் கேட்டு எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். கெண்டைக்கால் வலித்தது. வலிக்கட்டும் என்று ஓடினேன்.

கடைசித் திருப்பத்தில் கூட்டம் கைதட்டிக்கொண்டிருந்தது, பேண்டு வாத்தியம் வேறு. அந்தச் சத்தத்துக்கு நடுவே பள்ளிப் பிள்ளைகள் மட்டும் சத்தமில்லாமல் இரண்டு கையையும் தூக்கி விரல்களைப் படபடவென்று ஆட்டினார்கள். அவர்கள் கைதட்டுவது அப்படித்தான். எல்லைக்கோட்டில் மண்டப முதலாளி கைக்கடிகாரத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். நான் கோட்டைத் தாண்டி அவர் காலடியில் போய் விழுந்தேன்.

"எட்டு அம்பத்தேழு" என்றார். பிறகு, "எந்திரி புள்ள, வேன் வாங்கப் போகலாம்" என்றார்.

இவர் வேப்ப மரத்தடியில் வேட்டி அவிழ்வது தெரியாமல் மல்லாந்து கிடந்தார். மீசையெல்லாம் தேங்காய்ப்பால். ஓடியது நான், இப்போது வீட்டில் ஓமத் தண்ணீர் குடித்துப் படுத்திருப்பது அவர். பக்கத்து அறையில் முனகல் கேட்கிறது. போய் வயிற்றில் விளக்கெண்ணெய் தடவ வேண்டும்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். என் கால் நகம் இரண்டு கறுத்துவிட்டது. எஸ்தர் டீச்சர் கரும்போடு வந்து எனக்கும் ஒரு பெயர் வந்துவிட்டது என்றார். ஓடுவது போல் கையை வீசி, வாயில் சோறு அள்ளிப் போடுவது போல் ஒரு சைகை.

பிப்ரவரி 9, திங்கள்

வேன் வந்துவிட்டது. இவர்தான் போய் டயரைத் தட்டி, என்ஜின் சத்தத்தைக் கேட்டுப் பார்த்து எடுத்தார். டிரைவர் வேலைக்கு வந்த மூன்று பேரையும் ஓட்டச் சொல்லிப் பார்த்து முடிவு சொல்லும்படி டீச்சர் இவரையே கேட்டிருக்கிறார்.

"மொத ஆளு ஹாரன்ல இருந்து கைய எடுக்க மாட்டேங்கறான். யாருக்கு அடிக்கறான்?" என்றார். "ரெண்டாவது ஆளு முதுகக் காட்டிட்டே பிள்ளைககிட்டப் பேசறான். மூஞ்சியப் பாத்தாத்தான அதுகளுக்குப் புரியும்?"

"மூணாவது ஆளு?"

"நல்ல டிரைவருதான். பொறுமைசாலி." கொஞ்சம் யோசித்தார். "மீச இல்ல."

"அதுக்கு?"

"பிள்ளைக மீசயத் தேடுமல்ல. நல்ல ஆளு கெடைக்கற வரைக்கும் நானே ரெண்டு நாளைக்கு ஓட்டறேன்னு டீச்சர்கிட்டச் சொல்லிட்டேன்."

"அப்படீங்களா" என்று சொல்லிவிட்டுப் புழக்கடைக்குப் போய் நன்றாக அழுதுவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 23, திங்கள்

இரண்டு நாள் இரண்டு வாரம் ஆகிவிட்டது. பதினொரு பிள்ளைகளும் பள்ளிக்கு வருகிறார்கள்.

இன்று காலை ஆனைமலை ரோட்டில் ஓடினேன். பந்தயம் எதுவும் இல்லை, பழகிவிட்டது. எதிரே வேன் வந்தது. ஹாரன் சத்தம் இல்லை. ஹெட்லைட் இரண்டு தடவை எரிந்து அணைந்தது. ஜன்னலெல்லாம் சின்னக் கைகள், விரல்கள் படபடவென்று ஆடின. நானும் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். தேங்காய் லாரிக்காரர் ஒருவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

இரவு சாப்பிடும்போது இவர் கேட்டார்.

"டிரைவர் கெடைக்கலீன்னு டீச்சர் உங்கிட்ட எப்பச் சொன்னாங்க?"

"நெனப்பில்லீங்களே."

"அக்டோபர்லயே சொன்னாங்களாமா."

"இருக்கும். ரசம் ஊத்தட்டுமா?"

"இன்னிக்கு மண்டபத்துப் பின்வாசல் வழியா வந்தேன். பத்து நாயி உன்னச் சுத்தி நிக்குது. நீ ஒவ்வொண்ணையும் பேர் சொல்லிக் கூப்புட்டுட்டு இருக்கற."

நான் ரசத்தை ஊற்றினேன். கொஞ்சம் இலைக்கு வெளியே போய்விட்டது.

"ம்" என்றார்.

ஏப்ரல் மாதத்து "ம்" இல்லை இது. மீசைக்கு அடியில் சிரித்துக்கொண்டே சொன்ன "ம்".